மேலே லண்டன், கீழே கிழக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்துக்கு ‘டவுன் ஈஸ்ட்’ என்று ஒரு வழக்குப் பெயர் உண்டு. பாஸ்டனிலிருந்து அங்கே போகிறவர் வடக்கும் கிழக்குமாகப் போகிறார். சுவரில் மாட்டிய வரைபடத்தில் விரல் வைத்து அந்த வழியைத் தடவிப் பார்த்தால் விரல் மேல்நோக்கித்தான் நகரும். ஆனாலும் பேச்சில் அது ‘டவுன்’. அதே கரையின் பழைய ஆட்கள் தெற்கே பாஸ்டனுக்குப் போவதை ‘அப் டு பாஸ்டன்’ என்பார்கள். வடக்கு என்றால் ‘அப்’, தெற்கு என்றால் ‘டவுன்’ என்று இலக்கண வகுப்பில் நாம் கேட்டுக்கொண்ட பாடம் இந்த ஒரு கரையிலேயே தலைகீழாகிவிடுகிறது.

காரணம் காற்று. கோடைக்காலத்தில் நியூ இங்கிலாந்துக் கரையோரம் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். பாஸ்டனில் பாய் விரித்த கப்பலுக்கு மெய்ன் துறைமுகங்கள் காற்று போகும் திசையில் இருந்தன; பின்னால் காற்று தள்ள, சிரமமில்லாமல் போய்ச் சேரலாம். மாலுமிகளின் ஆங்கிலத்தில் காற்று வரும் பக்கம் மேல், காற்று போகும் பக்கம் கீழ். ஆகவே காற்றோடு போவது ‘டவுன்’. திரும்பும்போது எதிர்க்காற்று. கப்பலை வலமும் இடமும் மாற்றி மாற்றித் திருப்பி, கோணல் கோணலாக முன்னேற வேண்டும். அது மலை ஏறுவதுபோல் உழைப்பு கேட்கும் வேலை; அதனால் ‘அப்’. ‘ஈஸ்ட்’ என்பதிலும் பிழை இல்லை. பாஸ்டன் ஏறத்தாழ மேற்கு 71 பாகை நெட்டாங்கில் இருக்கிறது. மெய்ன் கரையின் கோடியிலுள்ள ஈஸ்ட்போர்ட் 67 பாகையில். நான்கு பாகை கிழக்கே நகர்கிற பயணம் அது. நிலத்தில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் மெய்ன் வடக்கு. சுக்கான் பிடித்தவனுக்கு அது கிழக்கு.

இந்தக் கடல்வழி சும்மா கிடந்த வழியும் அல்ல. ராக்லண்டின் சுண்ணாம்பு, வைனல்ஹேவன் தீவின் கருங்கல், கென்னபெக் ஆற்றில் குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டி, காட்டு மரம், உப்பிட்ட மீன் என்று தெற்கத்தி நகரங்களுக்கு வேண்டிய பாரமெல்லாம் கப்பலில்தான் போனது. 1820 வரை மெய்ன் தனி மாநிலமே இல்லை. மாசசூசெட்ஸின் ஒரு பகுதியாக, பாஸ்டனிலிருந்து ஆளப்பட்டது. எனவே ‘டவுன்’ என்ற சொல்லில் காற்றோடு இன்னொரு வாடையும் கலந்தது. தலைநகரத்தார் தங்களுக்குக் கீழே கிடக்கும் ஒதுக்குப்புறத்தைப் பேசும் தொனி அது.

அந்தத் தொனி எழுத்தில் ஏறுவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. 1833இல் ஜான் நீல் ‘தி டவுன்-ஈஸ்டர்ஸ்’ என்ற நாவலை வெளியிட்டார். மெய்ன் பத்திரிகையாளர் சீபா ஸ்மித், ‘மேஜர் ஜாக் டவுனிங்’ என்ற பட்டிக்காட்டு ஆசாமியின் பெயரில் அரசியல் நையாண்டிக் கடிதங்கள் எழுதினார்; பின்னர் 1854இல் அவருடைய ‘வே டவுன் ஈஸ்ட்’ நூல் வந்தது. டவுன் ஈஸ்ட்காரன் என்றால் நாட்டுப்புறத்தான், பேச்சு இழுவை, ஆனால் பேரம் பேசினால் நகரத்தானை விற்றுவிடுவான் என்று ஒரு பாத்திரவார்ப்பு நிலைத்தது. 1920இல் டி. டபிள்யூ. கிரிஃபித் ‘வே டவுன் ஈஸ்ட்’ என்ற பெயரிலேயே எடுத்த மௌனப் படத்தில் லிலியன் கிஷ் உடையும் பனிப்பாளத்தில் மிதந்து போகும் காட்சி புகழ்பெற்றது. அதற்குள் இந்தத் தொடர் திசையைவிட ஒரு பழைய கிராமிய உலகத்தையே அதிகம் சுட்டியது.

உள்ளூர்க்காரர்களோ அதையே பெருமைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு மெய்னில் கட்டப்பட்டு, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி கலிஃபோர்னியக் கோதுமையை ஏற்றிவந்த பெரிய மரக்கப்பல்களுக்கு ‘டவுன்ஈஸ்டர்’ என்றே பெயர். மாநிலத்தைப் பற்றி 1954இல் தொடங்கிய மாத இதழுக்கு ‘டவுன் ஈஸ்ட்’ என்று பெயர் வைத்தார்கள். 2001இல் பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய ஆம்ட்ராக் ரயிலுக்குப் பெயர் ‘டவுன்ஈஸ்டர்’. டீசல் எஞ்சினுக்குத் தென்மேற்குக் காற்றால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் பெயரைப் பொறுத்தவரை பாய்மரக் காலம் இன்னும் முடியவில்லை.

ஒரு மாநிலத்தின் வட்டார வழக்கை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு திசையின் முன்னால் ‘அப்’ அல்லது ‘டவுன்’ ஒட்டிக்கொண்டால், அந்தச் சொல் திசைகாட்டியைப் பார்த்துப் பிறந்ததல்ல என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். யார் எங்கே நின்றுகொண்டு, எதில் ஏறி, எதை மேலாக நினைத்துப் பேசினார்கள் என்பதையே அந்தச் சிறு சொல் பதிவுசெய்கிறது. மெய்னில் அது காற்று. இங்கிலாந்தில் அது லண்டன்.

லண்டனுக்குப் போவது அங்கே வழக்கமாக ‘அப்’. லண்டனை விட்டுப் போவது, வடக்கோ தெற்கோ, ‘டவுன்’. 1784இல் ஜான் பாமரின் யோசனைப்படி தபால் குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கின. லண்டனுக்கு வருவது ‘அப் மெயில்’, லண்டனிலிருந்து கிளம்புவது ‘டவுன் மெயில்’. இந்த வழக்கின் உயிரைப் பார்க்க வேண்டுமானால் தாமஸ் டி குவின்ஸி 1849இல் ‘பிளாக்வுட்ஸ் மேகஸின்’ இதழில் எழுதிய ‘தி இங்கிலிஷ் மெயில்-கோச்’ கட்டுரைக்குப் போகலாம். அதில் ஒரு பகுதிக்கு ‘கோயிங் டவுன் வித் விக்டரி’ என்று தலைப்பு. நெப்போலியன் போர்க்காலத்தில் வெற்றிச் செய்தி லண்டனில் இறங்கியதும், தபால் வண்டிகள் ஓக் இலையும் ரிப்பனும் சூடி நாலா பக்கமும் பறக்கும். ஸ்காட்லாந்து வரைக்கும் அவை ‘கீழே’தான் போகின்றன. வெற்றியே மேலிருந்து கீழே இறங்கிவருகிறது. நாடு என்பது ஒரு மலை, லண்டன் அதன் உச்சி என்று மனசுக்குள் ஒரு சித்திரம் இருந்தால்தான் இப்படிப் பேச வரும்.

ரயில் வந்தபோது சாலையின் பேச்சு அப்படியே தண்டவாளத்தில் ஏறியது. பிரிட்டனில் லண்டனை நோக்கிய பாதை ‘அப் லைன்’, எதிர்ப்பாதை ‘டவுன் லைன்’. ஆனால் ‘மேல்’ எது என்பதை முடிவு செய்தவர்கள் கம்பெனிக்காரர்கள். டார்பியைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்லண்ட் ரயில்வேக்கு டார்பியே மேல். கார்டிஃபுக்கு வடக்கே நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஓடிய பாதைகளோ தலைநகரத்தைச் சட்டைசெய்யாமல், பள்ளத்தாக்கு ஏறினால் ‘அப்’, கடற்கரைக்கு இறங்கினால் ‘டவுன்’ என்று நிலத்தின் சாய்வையே பிடித்துக்கொண்டன.

இந்தியாவுக்கு இது வந்து சேர்ந்தபோது ஏற்பட்ட வேடிக்கை தனி. பம்பாயிலிருந்து டெல்லி வழியாக வடமேற்கே போன பஞ்சாப் மெயில் ‘5 டவுன்’. கல்கத்தாவுக்கு எதிரே ஹவுராவிலிருந்து டெல்லி வழியாகப் போன கால்கா மெயில் ‘1 அப்’. இரண்டும் டெல்லிக்குத்தான் போகின்றன. ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. பம்பாய்க் கம்பெனிக்குத் தன் துறைமுகம் லண்டனுக்குச் சமம். ஹவுரா வண்டியை ஓட்டிய கிழக்கிந்திய ரயில்வேயின் கணக்கை வேறு மாதிரி புரிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ரயிலுக்கு முன்பே கல்கத்தா ஆங்கிலேயர்கள் கங்கைச் சமவெளியில் உள்ளே போவதை ‘அப் தி கண்ட்ரி’ என்றார்கள். கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பிரபுவின் சகோதரி எமிலி ஈடன், அண்ணனோடு வடக்கே சுற்றியபோது எழுதிய கடிதங்கள் 1866இல் அந்தப் பெயரிலேயே புத்தகமாயின. படகில் ஆற்றை எதிர்த்துப் போன காலத்தின் பேச்சு அது. தண்டவாளம் ஆற்றோரம் போனபோது பேச்சும் கூடவே போயிருக்கிறது.

நம் பேச்சில் இந்தத் திசையெல்லாம் உதிர்ந்து, போய்வருவது என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. “அப் அண்ட் டவுன் எவ்வளவுப்பா?” என்று ஆட்டோக்காரரிடம் கேட்கிறவருக்கு எது அப், எது டவுன் என்ற கவலை கிடையாது.

டார்பியைப் போல லண்டனுக்குப் பணியாத இடம் இங்கிலாந்திலேயே இன்னும் இரண்டு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் மாணவர் எங்கிருந்து போனாலும் ‘கோ அப்’. படிப்பு முடித்து வெளியேறினால் ‘கோ டவுன்’. ஒழுங்கு நடவடிக்கையாக விரட்டினால் ‘சென்ட் டவுன்’. 1811இல் நாத்திகத் துண்டுப் பிரசுரத்துக்காக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நீக்கப்பட்ட கவிஞர் ஷெல்லி நேராக லண்டனுக்குத்தான் போனார். பல்கலைக்கழகப் பேச்சில் அவர் கீழே அனுப்பப்பட்டவர். சாலைப் பேச்சில் மேலே போனவர்.

ஆற்றுக்கு வருவோம். அமெரிக்கக் கண்டத்தில் காற்றையும் தலைநகரத்தையும் விட ஆறுதான் இந்தச் சொற்களை அதிகம் வளைத்தது. 1791இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கனடாவை ‘அப்பர் கனடா’, ‘லோயர் கனடா’ என்று பிரித்தது. அப்பர் கனடா இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி. வரைபடத்தில் அது லோயர் கனடாவான கியூபெக்குக்குத் தென்மேற்கே, கீழே கிடக்கிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் ஓட்டத்தைப் பார்த்தால் குழப்பம் தீரும். நைல் நதி பாயும் எகிப்தின் தென்பகுதி ‘மேல் எகிப்து’ ஆனதும் இதே கணக்கில்தான். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் இன்றும் ‘அப்டவுன்’ என்றால் மிசிசிப்பி ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசை, ‘டவுன்டவுன்’ என்றால் ஆறு போகும் திசை. ஆறு அங்கே பாம்பாக வளைவதால் வடக்கும் தெற்கும் யாருக்கும் பயன்படுவதில்லை. ‘வெஸ்ட் பேங்க்’ எனப்படும் மேற்குக்கரையின் ஒரு பகுதி நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்குக்கரையின் மேல் சூரியன் உதிப்பதை அங்கே பார்க்கலாம்.

அதே ஆற்றில்தான் ஆங்கிலத்தின் மிகக் கொடிய திசைத்தொடர் பிறந்தது. ‘சோல்ட் டவுன் தி ரிவர்’ என்றால் இன்று காட்டிக்கொடுக்கப்பட்டான், கைகழுவப்பட்டான் என்று பொருள். தொழிற்சங்கக்காரரும் கால்பந்து ரசிகரும் சாதாரணமாகச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது உவமையே அல்ல, ஒரு வணிகத்தின் நேர் விவரணை. 1793இல் எலை விட்னியின் பருத்தி அரவை இயந்திரம் வந்தபின் தென்கோடி மாநிலங்களில் பருத்தி நிலம் பெருகியது. லூசியானாவில் கரும்பும் பெருகியது. 1808 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்டது. எனவே வேலைக்கு ஆள் உள்நாட்டிலிருந்தே வர வேண்டியிருந்தது. வர்ஜீனியா, மேரிலண்ட் போன்ற இடங்களில் புகையிலை நிலம் சோர்ந்துபோயிருந்தது. அங்கேயும் கென்டக்கியிலும் ‘உபரி’ என்று கருதப்பட்ட மனிதர்கள் சங்கிலியில் நடத்தியும், கடல்வழியும், ஓஹையோ, மிசிசிப்பி ஆறுகளில் படகேற்றியும் நாச்செஸ், நியூ ஆர்லியன்ஸ் சந்தைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உள்நாட்டுப் போர் வரையில் இப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

இதில் ‘டவுன்’ என்ற சொல்லுக்கு ஒரே சமயத்தில் மூன்று பொருள். ஆறு போகும் திசை, தெற்கு, இருக்கும் நிலையிலிருந்து இன்னும் மோசமான நிலை. கென்டக்கி வீட்டு வேலையிலிருந்து லூசியானாக் கரும்புத் தோட்டத்துக்கு என்றால் குடும்பம் பிரியும், ஆயுள் குறையும். கீழ்ப்படியாதவர்களை அடக்க எஜமானர்கள் வாயில் வைத்திருந்த மிரட்டலும் இந்த வார்த்தைதான். 1852இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் டாம் கென்டக்கியிலிருந்து விற்கப்பட்டு ஆற்றோடு தெற்கே போகிறார். 1894இல் மார்க் ட்வெய்ன் எழுதிய ‘புடன்ஹெட் வில்சன்’ நாவலின் கதையே ராக்ஸி என்ற அடிமைத் தாயின் இந்த ஒரு பயத்திலிருந்து கிளம்புகிறது. பெற்ற பிள்ளை கீழாற்றுக்கு விற்கப்படக் கூடாது என்று அவள் தொட்டிலில் இரண்டு குழந்தைகளை மாற்றிவைக்கிறாள். ‘ஹக்கில்பெரி ஃபின்’ கதையில் வரும் ஜிம், நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கப்படுவோம் என்று அஞ்சி ஓடுகிறான். ஓடுகிறவனின் தெப்பமோ அதே ஆற்றில் அதே தெற்கை நோக்கிப் போகிறது. ட்வெய்ன் ஆற்றுக் கப்பலோட்டியாக இருந்தவர். ‘டவுன் ரிவர்’ என்ற சொல்லின் கனம் அவருக்குக் கைப்பழக்கம்.

‘டவுன் சவுத்’ என்று அமெரிக்கர் சொல்லும்போது இந்தப் பாரம் முழுவதும் நீங்கிவிடுவதில்லை. ஒரு வெள்ளைக்காரரின் வாயில் அது வறுத்த கோழியும் திண்ணை நாற்காலியுமாக இருக்கலாம். 1910க்கும் 1970க்கும் இடையில் தெற்கிலிருந்து ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களின் வீடுகளில் ‘டவுன் சவுத்’ என்பது பாட்டி இருக்கும் ஊர், தப்பித்து வந்த ஊர், இரண்டும். சிகாகோவிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் குடியிருப்பும் பள்ளியும் போலீஸும் தெற்கை நினைவூட்டியபோது, அவர்கள் வடக்குக்கே ‘அப் சவுத்’ என்று பெயர் வைத்தார்கள். மேலே இருக்கும் தெற்கு. ஒரு முன்னொட்டை மாற்றிப்போட்டு இத்தனை கூர்மையான அரசியல் விமர்சனத்தைச் செய்த வேறு திசைத்தொடர் எனக்குத் தெரியாது.

‘டவுன்டவுன்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் நியூயார்க் தொடங்கியது; ஊர் வடக்கே வளர்ந்தது; பழைய வணிகப் பகுதி ‘டவுன்’ பக்கமாயிற்று. மற்ற நகரங்கள் பொருளை எடுத்துக்கொண்டு திசையை விட்டுவிட்டன. ‘பேக் ஈஸ்ட்’ என்பதும் இப்படித்தான்: கலிஃபோர்னியாவில் பிறந்து, கிழக்கே கால் வைக்காதவரும் கிழக்கைப் ‘பின்னால்’ என்கிறார். வண்டி கட்டி மேற்கே வந்த கொள்ளுத்தாத்தா திரும்பிப் பார்த்த பார்வை அது.

நிலத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து வந்த சொற்களில் நமக்கு நெருக்கமானது ‘அப்-கண்ட்ரி’. இலங்கையில் கண்டி மலைப்பகுதிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. மலையகத் தமிழர்களை ஆங்கிலத்தில் இன்றும் ‘அப்-கண்ட்ரி தமிழர்’ என்று எழுதுகிறார்கள். தமிழோ இந்த வேலையை ஆங்கிலத்தைவிட ஆழத்தில் செய்திருக்கிறது. மேல், கீழ் என்பவை நமக்குத் திசையின் முன்னால் ஒட்டும் சொற்கள் அல்ல, அவையே திசைகள். மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்த பக்கம் மேற்கு, கடலை நோக்கிச் சரியும் பக்கம் கிழக்கு. சிதம்பரத்தின் மேலவீதி கோயிலுக்கு மேற்கே, கீழவீதி கிழக்கே. கேரளத்தில் நிலம் எதிர்ப்பக்கம் சாய்கிறது. மலை இருப்பது கிழக்கில். அங்கும் அந்தத் திசைக்கு ‘கிழக்கு’ என்றே பெயர். ராபர்ட் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதைப் பிடித்துக்கொண்டு, மலையாளம் பேசுவோர் மலைக்கு இப்பாலிருந்து போனவர்கள் என்று வாதாடினார். ஆட்கள் பெயர்ந்ததற்கு இது போதுமான சான்றா என்பது வேறு விஷயம். இரண்டு மொழிக்கும் பொதுவான பழைய மொழி இப்பக்கம் உருவாகியிருந்தாலும் சொல் இப்படித்தான் இருக்கும்.

வடக்கு மேலே என்ற எண்ணம் இவ்வளவுக்கும் பிறகு, வரிசையில் கடைசியாக வருகிறது. தாலமியின் முறையில் வரைந்த படங்களில் வடக்கு மேலே இருந்தது உண்மைதான். ஆனால் 1300ஐ ஒட்டி வரையப்பட்ட ஹெரிஃபோர்டு உலகப்படத்தில் உச்சியில் கிழக்கு, நடுவில் எருசலேம். 1154இல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி வரைந்த படத்தில் மேலே தெற்கு. மாலுமிகளின் திசைகாட்டியும், 1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட உலகப்படமும், பின்னால் பள்ளிக்கூடச் சுவர்களும் சேர்ந்துதான் வடக்கை உச்சியில் ஆணியடித்தன. சாதாரண மக்கள் வீட்டில் வரைபடம் புழங்கத் தொடங்கியபின் ‘அப் நார்த்’, ‘டவுன் சவுத்’ இரண்டும் விளக்கமே தேவையில்லாத தொடர்களாகத் தெரிந்தன. ஒரு காரியம் கெட்டுப்போவதை ‘கோ சவுத்’ என்று சொல்வது பங்குச்சந்தைப் பேச்சில் பரவியதும் இருபதாம் நூற்றாண்டில்தான்.

தாள் மேல் இருந்த இந்த உயரம் மனத்துக்குள் நிஜமான மேடாகிவிட்டது என்பதைச் சோதனைகள் காட்டுகின்றன. லீஃப் நெல்சனும் ஜோசஃப் சிம்மன்ஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தெற்கே போவதைவிட வடக்கே போக அதிக நேரம் பிடிக்கும் என்றும், வடக்கே சரக்கு அனுப்ப அதிகச் செலவாகும் என்றும் மக்கள் மதிப்பிட்டார்கள். கடை தெற்கே இருக்கிறது என்று சொன்னால் போய்வர விருப்பம் கூடியது. அடுத்த ஆண்டு டாட் புரூன்யேயும் உடன் ஆய்வாளர்களும், இரண்டு சமமான வழிகளில் தெற்கே வளைந்து போவதையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கண்டார்கள். வடக்கு என்றால் ஏற்றம் என்று கால் நினைத்துக்கொள்கிறது.

ஆனாலும் பழைய வழக்குகள் அழிந்துவிடவில்லை. ஒரே வண்டியில் இரண்டும் பயணம் செய்கின்றன. எடின்பரோவிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸுக்குக் கிளம்பும் ரயிலில் ஏறும் ஸ்காட்லாந்துக்காரர், லண்டனுக்கு ‘டவுன்’ போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறார். அவர் மனத்தில் இருப்பது வரைபடம். அந்த ரயிலின் ஓட்டுநருக்கும் சிக்னல் பணியாளருக்கும் அவர் உட்கார்ந்திருக்கும் வண்டி ‘அப் லைனில்’ போகிறது. தபால் குதிரைகள் ஓடிய நாளில் போனதைப் போலவே.